மகனின் மூளையை அளக்க வந்தவர்களும், கடைசியில் காதைப் பார்த்த டொக்டரும்

எங்கள் பக்கத்து ரியூசன் கொட்டில்களுக்கு மறுபடியும் கைரேகை மெசினோடு ஆட்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள் என்று தங்கச்சி சொன்னாள். பிள்ளையின் பத்து விரலையும் பதிவார்கள். அவனுடைய மூளை எப்படிப்பட்டது, எதைப் படிக்கலாம், எது அவனுக்குச் சரிவராது என்று புத்தகத் தடிப்பில் ஓர் அறிக்கை தருவார்கள். போன வருடம் அதே ஆட்களிடம் தொடங்கி, ஒரு தனியார் 'ஐகியூ' (நுண்ணறிவு) சோதனை வரை போய், பணமும் நித்திரையும் இழந்து திரும்பியவள் நான். அந்த நேரம் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சப்பட்டிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். வன்னியில் பிள்ளை வளர்க்கிற யாராவது வாசித்தால் போதும்.

நாங்கள் மல்லாவிப் பக்கம். இவர் கட்டாரில். நான் வீட்டிலிருந்து தைத்துக் கொடுக்கிறேன். மகன் அப்போது தரம் 4. வகுப்பில் சொல்வதைக் கொப்பியில் எழுதமாட்டான், ஒன்று கேட்டால் வேறொன்று சொல்வான், வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டிக்கொண்டே நிற்பான். "கவனமே இல்லை" என்பது டீச்சரின் முறைப்பாடு. வீட்டிலும் இரண்டு மூன்று தரம் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். ஆனால் சைக்கிள் செயின் கழன்றால் அவன்தான் போடுவான். வாய்க்காலில் எந்த மதகு திறந்தால் யாருடைய வயலுக்குத் தண்ணீர் போகும் என்று பெரியவர்களுக்கே சொல்லுவான். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை என்ற பயம் வேறு. அந்தப் பரீட்சையில் நுண்ணறிவுக் கேள்விகளும் வருவதால், எங்கள் ஊரில் 'மூளை' என்ற சொல்லைச் சொன்னாலே தாய்மார் திரும்பிப் பார்க்கிற நிலை.

அந்தப் பயத்தைத் தெரிந்துகொண்டுதான் அவர்கள் வந்தார்கள். ரியூசன் நடக்கிற இடத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு தம்பி திரையில் மூளைப் படம் போட்டு, இடது மூளை, வலது மூளை, எட்டு வகை நுண்ணறிவு என்று ஒரு மணித்தியாலம் கதைத்தார். "அக்கா, விரல் ரேகையும் மூளையும் கருவில் ஒரே நேரத்தில்தான் உருவாகுது. ரேகையைப் பார்த்தால் மூளையைப் பார்த்த மாதிரி" என்றார். அறிக்கைக்கு 15,000 ரூபா. நான் ஒரு பிளவுஸ் தைத்தால் 800 ரூபா கிடைக்கும், அப்போ கணக்குப் பாருங்கள். ஒரு கிழமைக்குப் பிறகு வந்த அறிக்கை முழுக்க ஆங்கிலம், நிறம் நிறமாக வட்டங்கள், தசம தானம் வரை வீதங்கள். மகனுக்கு 'மொழி' குறைவு, 'உடல் இயக்கம்' கூட, படிப்பை விடக் கைத்தொழில்தான் பொருத்தம் என்று விளங்கப்படுத்தினார்கள். அதே மூச்சில், 'மூளை விருத்தி வகுப்பு' ஒன்றுக்குச் சேர்த்தால் குறையைக் கூட்டலாம், மூன்று மாதத்துக்கு 27,000 ரூபா என்றார்கள். பிறவியிலேயே ரேகையில் எழுதியாயிற்று என்று சொல்லி 15,000 வாங்கியவர்கள், அதை மாற்றுகிறோம் என்று 27,000 கேட்டார்கள். காப்பை அடகு வைத்துக் கட்டினேன். கண்ணைக் கட்டிவிட்டு நிறம் சொல்லச் செய்வதும், தாளம் போடுவதும்தான் வகுப்பு. மகன் ஒவ்வொரு சனிக்கிழமையும் அழுதுகொண்டு போனான்.

இப்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விரல் ரேகை கருவின் முதல் மாதங்களில் உருவாகத் தொடங்கி, பிறப்பதற்கு முன்பே நிலைத்துவிடுகிறது, அது உண்மை. டவுண் சிண்ட்ரோம் போன்ற சில பிறவி நிலைகளில் கைரேகை அமைப்புச் சற்று வித்தியாசப்படுவதும் உண்மை. அந்தத் துளி உண்மையை வைத்துக்கொண்டுதான் மிச்சக் கதை முழுவதும் கட்டப்படுகிறது. சாதாரணப் பிள்ளையின் ரேகையைப் பார்த்து அவனுடைய நினைவாற்றலையோ மொழித்திறனையோ சொல்ல எந்த அறிவியல் ஆதாரமும் கிடையாது. மனிதருக்கு மனிதர் அறிவு எப்படி வேறுபடுகிறது என்று அளந்து பார்க்கத் தொடங்கிய முன்னோடி, இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன். விரல் ரேகையை அறிவியலாக ஆராய்ந்தவரும் அவரேதான். அறிவுக்கும் ரேகைக்கும் தொடர்பு இருக்கும் என்று எதிர்பார்த்து, படித்தவர்கள், கூலி வேலை செய்பவர்கள், மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று எல்லோருடைய ரேகையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். வித்தியாசம் எதுவும் கிடைக்கவில்லை என்று 1892 இல் தன்னுடைய நூலிலேயே எழுதிவைத்தார். நூறு வருடத்துக்கு மேல் பழைய இந்தப் பதில், மல்லாவிக்கு வந்த தம்பியின் திரையில் இருக்கவில்லை. இன்னொன்று, பணம் போனால் உழைக்கலாம், ஆனால் பிள்ளையின் பத்து விரல் ரேகையும் இப்போது யாருடைய கொம்பியூட்டரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கடவுச்சொல்லை மாற்றலாம், விரலை மாற்றமுடியாது. ஏற்கெனவே கொடுத்தவர்கள் பதிவை அழிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கொடுக்காதவர்கள் கொடுக்காதீர்கள்.

வகுப்பு முடிந்தும் பாடசாலையில் மாற்றம் இல்லை. பிறகு ஒரு தெரிந்தவர், "முறையான ஐகியூ டெஸ்ட் செய்யுங்கோ, அதுதான் விஞ்ஞானம்" என்று நகரத்தில் ஒரு தனியார் இடத்தைக் காட்டினார். விடிய முதல் பஸ்ஸில் ஏறினோம். மகன் வழியில் இரண்டு தரம் வாந்தி எடுத்தான். போனவுடனே உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். சோதித்தவர் பாதி ஆங்கிலம் கலந்து வேகமாகக் கதைப்பது வெளியில் இருந்த எனக்கே கேட்டது. மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. 10,000 ரூபாவுக்கு ஒற்றைத் தாள் கிடைத்தது. அதில் ஓர் எண்: 66. "மந்தபுத்தி அம்மா. சாதாரண வகுப்பில் வைத்துப் பிரயோசனமில்லை. விசேட அலகுக்கு மாற்றுங்கோ" என்றார். நான் ஏதோ கேட்கப் போக, "வன்னிப் பிள்ளைகளில் இது கனக்க இருக்கு" என்றும் சொன்னார்.

திரும்பி வந்த பஸ்ஸில் மகன் என் மடியில் நித்திரையாகிவிட்டான். மாங்குளம் சந்தி வரும்வரை நான் அழுதேன். இவரிடம் தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை. மாமியிடம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். அந்தத் தாளை அலுமாரியில் உடுப்புக்குக் கீழே வைத்துவிட்டு, யாரிடமும் கதைக்காமல் பல கிழமை இருந்தேன். மகன் சாப்பிடும்போது, விளையாடும்போது, எதைச் செய்தாலும் அந்த எண்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு தாய் தன் பிள்ளையை அப்படிப் பார்க்க வைத்ததுதான் அந்தத் தாள் செய்த பெரிய கொடுமை. பணத்தை நான் அதற்குப் பிறகுதான் எண்ணுவேன்.

திருப்பம் வந்தது சளிக் காய்ச்சலால். மருந்தெடுக்க அரச ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கிருந்த பெண் டொக்டர் மகனுக்குப் பின்னால் நின்று மெதுவாக அவன் பெயரைச் சொன்னார். அவன் திரும்பவில்லை. "காதை எப்போதாவது பார்த்தீங்களா?" என்றார். யாருமே பார்த்ததில்லை. தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே மருத்துவப் பரிசோதனை உண்டு. அது நடந்த அன்று இவன் காய்ச்சலில் வீட்டில். தவறவிட்ட பிள்ளையை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கொண்டுபோய்க் காட்டலாம் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் தந்தார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போய்க் கேள்திறன் பரிசோதனை செய்தோம். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் பசை போன்ற நீர் தேங்கியிருந்தது. வலி இல்லை, சீழ் இல்லை, அதனால் வெளியில் தெரியாது. முழுச் செவிடும் இல்லை. சத்தம் கேட்கும், ஆனால் சொற்கள் மங்கிவிடும். சளி கூடினால் கூடும், குறைந்தால் குறையும். அதனால்தான் சில நாள் 'கவனமான' பிள்ளை, சில நாள் 'கவனமில்லாத' பிள்ளை. பலருக்குச் சில மாதத்தில் தானாக வற்றிவிடுமாம். இவனுக்கு வற்றாததால் செவிப்பறையில் சின்னக் குழாய் வைத்தார்கள். காத்திருந்த காலம் நீளம், ஆனால் டொக்டருக்கோ சத்திரசிகிச்சைக்கோ ஒரு சதமும் கட்டவில்லை. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும்தான் செலவு. ஆகவே பிள்ளை படிக்கவில்லை என்றால் முதலில் காது, பிறகு கண், பிறகு இரத்தச்சோகை. இந்த மூன்றையும் பார்க்காமல் மூளையை அளக்க யாரிடமும் போகவேண்டாம்.

அந்தப் பெண் டொக்டர்தான் எங்களை ஆஸ்பத்திரியிலேயே ஒரு உளவியலாளரிடம் அனுப்பினார். அந்தத் தாளை அவரிடம் காட்டினேன். அவர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. "அம்மா, இந்த எண் எப்படி வருதென்று சொல்லட்டுமா?" என்று கேட்டு, ஒரு பேப்பரில் மணி மாதிரி ஒரு கோடு கீறினார். ஒரே வயதுப் பிள்ளைகள் நிறையப் பேரைச் சோதித்து, அவர்களுடைய சராசரியை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் 85 க்கும் 115 க்கும் இடையில் வருவார்கள். 70 க்குக் கீழே நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேர்தான். அதாவது, இது இரத்தத்தில் சீனி பார்ப்பதுபோலப் பிள்ளைக்குள் இருக்கிற ஒரு பொருளின் அளவு இல்லை. குறிப்பிட்ட ஒரு பிள்ளைக் கூட்டத்தோடு ஒப்பிட்டால் இவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்பதுதான். ஒழுங்காகச் செய்த சோதனையிலேயே ஐந்து புள்ளி அங்கே இங்கே இருக்கும்; அதனால் நல்ல அறிக்கையில் ஒற்றை எண் இராது, இதிலிருந்து இதுவரை என்ற எல்லை இருக்கும். வாந்தி எடுத்து, பசியோடு, கேட்காத காதோடு இருந்த பிள்ளையின் எண்ணுக்கு என்ன பெறுமதி? இன்னும் முக்கியமானதை அவர் பிறகு சொன்னார். எண் 70 க்குக் கீழே என்பதால் மட்டும் ஒரு பிள்ளைக்கு அறிவுத்திறன் குறைபாடு என்று முடிவெடுக்கக்கூடாது. அன்றாட வாழ்க்கையில் அவன் எப்படிச் சமாளிக்கிறான், தானாக உடுக்கிறானா, கடைக்குப் போய் மிச்சக்காசு வாங்குகிறானா, ஆட்களோடு எப்படிப் பழகுகிறான் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். மகனின் மதகுக் கதையை நான் சொன்னபோது அவர் அதை எழுதிக்கொண்டார். முதல் இடத்தில் யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. நீங்கள் போவதென்றால் இப்படியான விஷயங்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். அந்த நேரம் பதற்றத்தில் ஒன்றும் ஞாபகம் வராது.

நுண்ணறிவுச் சோதனை எல்லாமே பொய் என்று சொல்ல நான் வரவில்லை. முதல் சோதனையை 1905 இல் பாரிசில் செய்தவர்கள் அல்பிரெட் பினேயும் தியோடோர் சிமோனும். பாடசாலையில் எந்தப் பிள்ளைக்கு மேலதிக உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் அதைச் செய்தார்கள். அறிவு மாறாத ஓர் அளவு என்று சொன்னவர்களோடு பினே கடைசிவரை உடன்படவில்லை. ஒரு பாடத்திலோ சோதனையிலோ நன்றாகச் செய்கிற பிள்ளை பொதுவாக மற்றவற்றிலும் நன்றாகச் செய்வதை 1904 இல் இங்கிலாந்து உளவியலாளர் சார்ள்ஸ் ஸ்பியர்மன் காட்டினார். அதற்குப் பிறகு எத்தனையோ நாடுகளில் அதே முடிவுதான் வந்திருக்கிறது. படிப்பில் ஒரு பிள்ளை எப்படிச் செய்வான் என்பதை நல்ல சோதனை ஓரளவு சொல்லும். நான் கேட்பது, அதைச் செய்கிறவர் ஒழுங்காகச் செய்யவேண்டும் என்பதைத்தான்.

மொழி விஷயத்தில் கட்டாயம் விட்டுக்கொடுக்காதீர்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வீட்டில் ஸ்பானிய மொழி பேசுகிற பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, மனவளர்ச்சி குன்றியவர்களின் வகுப்பில் போட்டார்கள். பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். அந்தப் பிள்ளைகளை ஸ்பானிய மொழியில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலானோர் அந்த வகுப்புக்கு வைத்திருந்த எல்லைப் புள்ளிக்கு மேலே வந்துவிட்டார்கள். 1970 இல், இனிமேல் வீட்டு மொழியிலும் சோதிக்கிறோம் என்று மாநிலம் ஒத்துக்கொண்டது. ஆகவே காசு கொடுக்கமுதல் வாய் திறந்து கேளுங்கள்: சோதனையின் பெயர் என்ன, எந்த மொழியில் செய்வீர்கள், எந்த நாட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிடுகிறீர்கள், அந்த ஒப்பீடு எந்த வருடத்தது, உங்கள் தகைமை என்ன, முழு அறிக்கை தருவீர்களா. முறையாகப் படித்தவர் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார். சோதனையைக் காலையில், பிள்ளை சாப்பிட்டு நித்திரை கொண்டபிறகு வையுங்கள். தூர இடமென்றால் முதல் நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள்.

"வன்னிப் பிள்ளைகளில் இது கனக்க இருக்கு" என்றாரே, அது என் நெஞ்சில் இன்னும் நிற்கிறது. 2008 இல் நான் தரம் 9. போரால் மல்லாவியிலிருந்து கிளம்பி தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று போய், கடைசியில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழேதான் மறுபடி கொப்பியைத் திறந்தேன். என் வயதுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் திறக்கவே இல்லை. ஸ்டூவர்ட் ரிச்சி, எலியட் டக்கர்-டுரோப் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2018 இல் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மேலதிகமாகப் படிக்கிற ஒவ்வொரு வருடத்துக்கும் நுண்ணறிவுப் புள்ளி 1 இலிருந்து 5 வரை கூடுகிறது என்று கண்டார்கள். படிப்புக் கிடைத்தால் ஏறுகிற எண், படிப்புப் பறிபோனால் என்ன ஆகும்? நியூசிலாந்தில் இருந்த ஆய்வாளர் ஜேம்ஸ் பிளின், 20 ஆம் நூற்றாண்டில் பல நாடுகளில் பத்து வருடத்துக்கு மூன்று புள்ளி அளவில் நுண்ணறிவுச் சராசரி ஏறிக்கொண்டே வந்ததைக் காட்டினார். பரம்பரை அவ்வளவு வேகமாக மாறாது. பரம்பரைக்குப் பங்கே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் அதற்குப் பெரிய பங்கு இருப்பதை இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. அதை வைத்து ஒரு மாவட்டத்துப் பிள்ளைகள் மூளை மட்டு என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. போரில் பாடசாலையை இழந்த சனத்தைப் பார்த்துச் சொல்ல இன்னும் கிடையாது.

நுண்ணறிவை உயர்த்துகிறோம் என்று விற்கிற வகுப்புகளைப் பற்றியும் ஒரு சொல். ஒரே மாதிரிக் கேள்வியைத் திரும்பத் திரும்பச் செய்தால் அந்த வகைக் கேள்வியில் புள்ளி கூடும், அதில் மாயம் இல்லை. அந்த ஏற்றம் மற்ற வேலைகளுக்குப் பெரிதாகப் பரவுவதில்லை. புலமைப்பரிசிலுக்குப் பழைய வினாத்தாள் செய்யவைப்பது சரி, அது பரீட்சைப் பழக்கம். அதற்கு மேல் மூளை வளர்ச்சி என்று 27,000 கேட்டால் கதவைச் சாத்துங்கள். மாறாக, ஆஸ்பத்திரியில் மறுபடி சோதிக்கப் போகும்போது பிள்ளைக்குக் கேள்விகளைச் சொல்லிக் கொடுக்கவேண்டாம். தெரிந்த கேள்விக்கு வருகிற எண் அவனுக்குத்தான் தீங்கு. உண்மையில் வேண்டிய உதவி கிடைக்காமல் போகும்.

அப்படி உதவி உண்மையாகவே வேண்டிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண்பிள்ளை, காதும் கண்ணும் சரி, முறையாகச் சோதித்ததில் அறிவுத்திறன் குறைபாடு என்று உறுதியானது. தாய் கொஞ்ச நாள் அழுதார். பிறகு விசேட கல்வி ஆசிரியர் கிடைத்து, பிள்ளை இப்போது கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருகிறாள். என் மகனுக்கு வந்த முடிவுதான் எல்லோருக்கும் வரும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். எது வந்தாலும் உண்மையானது வரவேண்டும், அவ்வளவுதான்.

காது சரியாகிச் சில மாதம் போனபிறகு, தமிழில், இரண்டு காலைகளில் பிரித்து, மகனைச் சோதித்தார்கள். நுண்ணறிவு சராசரி எல்லைக்குள். படங்களை வைத்துச் செய்கிற பகுதியில் நன்றாகவே செய்திருந்தான். வாசிப்பு இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறது; கேட்காமல் போன காலத்தின் இழப்பா, வாசிப்புக்கென்றே உள்ள தனிச் சிக்கலா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். டீச்சர் அவனை முன் வாங்கில் இருத்தி, முகத்தைப் பார்த்துக் கதைக்கிறார். இரவில் நான் தைக்கும்போது பக்கத்தில் இருந்து சத்தமாக வாசிக்கிறான். பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்துப் போனது 70,000 ரூபாவுக்குக் கிட்ட, காப்பு இன்னும் வங்கியில்தான். ஒன்று மட்டும் கடைசியில்தான் எனக்குப் பிடிபட்டது. அந்த 66 தாளின் பிரதியைத் தனியார் இடத்திலிருந்து பாடசாலைக்கும் அனுப்பியிருந்தார்கள், அது மகனின் கோவைக்குள் கிடந்தது. இப்படி ஏதாவது நடந்திருந்தால் அதிபரிடம் போய்க் கோவையைப் பார்க்கக் கேளுங்கள். புதிய அறிக்கையின் பிரதியைக் கேள்திறன் பரிசோதனை முடிவோடு சேர்த்துக் கொடுத்து, பழைய தாளுக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள். உங்கள் பிரதியில் திகதியோடு அவருடைய கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.